தேத்தண்ணி நிறத்து ஐஸ்

"பாவம், ஊரில இஞ்சினுகளை மேய்ச்ச மனுசன், இஞ்ச வந்து ஐஸ் கூட்டுறார்" என்று கோயிலில் ஒருத்தி என் மனிசனைப் பற்றிச் சொன்னாள். என் காதுபடத்தான் சொன்னாள். அந்த இடத்திலேயே அவளுக்கு வேண்டியதைக் கொடுத்துவிட்டேன். இருந்தும் ஆத்திரம் தீரவில்லை. அதனால்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

மனிசனின் பெயர் ஏரம்பமூர்த்தி. யாழ்ப்பாணத்தில் மீனுக்கு ஐஸ் அடிக்கிற கொம்பனியில் பன்னிரண்டு வருடம் இயந்திரங்கள் எல்லாம் அவர் பொறுப்பில் இருந்தன. எண்பத்தொன்பதில் ஆக்லாந்துக்கு வந்தோம். அவருடைய சான்றிதழ்களை இங்கே ஒருவரும் திறந்துகூடப் பார்க்கவில்லை. எட்டு மாதம் பெட்டி அடுக்கினார். பிறகு கிளென்ஃபீல்ட் பக்கத்தில் ஒரு ஐஸ் அரங்கில் கொம்பிரசர் பார்க்க ஆள் தேவை என்று பேப்பரில் கண்டு போனார். போனவர் வாசலில் நின்று இயந்திரச் சத்தத்தைக் காது கொடுத்துக் கேட்டுவிட்டு, "ஓயில் காணாது" என்றாராம். பார்த்தால் எண்ணெய் குறைந்துதான் இருந்திருக்கிறது. அன்றைக்கே வேலை கிடைத்தது.

அந்த அரங்கில்தான் ஹெரன்ஸ் என்ற அணியினர் விளையாடினார்கள். ஐஸ் ஹொக்கி, ஆக்லாந்தின் இரண்டாம் பிரிவு. இந்த ஊரில் ரக்பி என்றால் பிள்ளை பெறப் போகிறவளும் நின்று பார்த்துவிட்டுத்தான் ஆஸ்பத்திரிக்குப் போவாள். ஐஸ் ஹொக்கி என்றால் விளையாடுகிறவனின் மனிசியே வரமாட்டாள். தொண்ணூறாம் ஆண்டு ஹெரன்ஸில் பதினொரு பேர் இருந்தார்கள், தலைக்கவசம் ஒன்பதுதான். தொண்ணூற்றொன்றில் ஒரு ஆட்டமும் வெல்லவில்லை. தொண்ணூற்றிரண்டில் ஒன்று வென்றார்கள், அதற்கே கப்டன் கிரேக் குந்தியிருந்து அழுதான். கிரேக் ஒரு பிளம்பர், மாடு மாதிரி உடம்பு. அணியின் பெயர்ப் பட்டியல் அச்சடித்தபோது எல்லாருக்கும் கீழே 'ஐஸ்: ஏரம்பமூர்த்தி' என்று போட்டவன் அவன்தான். மற்ற எல்லா இடத்திலும் இவர் வெறும் மோ. இந்த நாட்டில் இவருடைய முழுப் பெயரையும் பிழையில்லாமல் அடித்த முதல் கடதாசி அதுதான், விசாவையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். பிறகு இவர் அந்த அணிக்காக உயிரை விட்டதில் என்ன அதிசயம்?

தொண்ணூற்றுநான்கில் ஆக்லாந்தில் மழை பொய்த்தது. அணைகள் வற்றிக்கொண்டு போயின. தோட்டத்துக்குக் குழாய் பிடிக்கக்கூடாது, கார் கழுவக்கூடாது. எங்கள் வீட்டுச் செடிகள் செத்துப்போகின்றன, இவர்கள் விளையாட ஐஸ் போடுகிறார்களா என்று அயலில் யாரோ பேப்பருக்குக் கடிதம் எழுதிவிட்டார்கள். அரங்கின் முதலாளி அதைப் படித்தார். முகாமையாளர் ஜக்தீஷைக் கூப்பிட்டு, மழை வரும்வரை ஐஸுக்குக் குழாயைத் திறக்காதே என்றுவிட்டார். ஜக்தீஷ் ஃபிஜிக்காரன், நல்ல மனிசன்தான், ஆனால் முதலாளியின் ஃபோன் வந்தால் எழும்பி நின்று கதைக்கிற ரகம்.

ஐஸ் அரங்குக்குத் தினமும் தண்ணீர் வேண்டும். சறுக்கிச் சறுக்கிக் காயப்பட்ட மேல்தோலை ஒரு வண்டி மழித்து எடுக்கும், அதன் பின்னாலேயே புதுத் தண்ணீர் ஊற்றும், அது உறைந்து மட்டமாகும். இப்போது மழிக்க மட்டும்தான் அனுமதி. ஒரு வாரத்தில் ஐஸ் குண்டும் குழியுமாகிவிட்டது. சனிக்கிழமை வந்த லீக் செயலாளர் ஒரு சுற்றுப் பார்த்தார், ஆபத்து என்றார், ஆட்டத்தை நிறுத்தினார். சொந்த அரங்கில் இரண்டு ஆட்டம் நடக்காவிட்டால் அணியை லீக்கிலிருந்து எடுத்துவிடுவார்கள். ஒன்று போய்விட்டது. அடுத்தது வருகிற சனி.

"மழை வந்த பிறகு புதுசா ஒரு அணி தொடங்குங்களேன்" என்று ஜக்தீஷ் சமாதானம் சொன்னான்.

அன்று வீட்டுக்கு வந்தவர் சோற்றில் கை வைக்கவில்லை. "ஆறில்லாத ஊரில பிறந்தவனுக்குத் தண்ணியைப் பற்றி இவை சொல்லித்தரப் போகினமோ?" என்று சோற்றுக் கோப்பையைப் பார்த்துச் சத்தம் போட்டார். பிறகு என்னைப் பார்த்தார். "ரத்னா, உம்மட பழைய நூல் சேலை ஒண்டு தாரும்."

"ஏன், ஐஸுக்குக் கட்டிவிடப் போறியளோ?"

"வடிகட்டப் போறன்."

மழித்த ஐஸெல்லாம் அரங்கின் பின்முற்றத்தில் மலையாய்க் குவிந்து கிடந்தது. எல்லா அரங்கிலும் அது அப்படியே உருகி வடிகானுக்குள் ஓடிவிடும். இவர் கானை அடைத்தார். மலையை வாளி வாளியாக அள்ளி பெரிய நீலப் பிளாஸ்டிக் பரல்களில் போட்டார். கொம்பிரசர் வெளியே ஊதுகிற சூட்டுக்கு முன்னால் பரல்களை வரிசையாக வைத்தார், ஐஸ் உருகியது. அந்தத் தண்ணீரை என் சேலையை நாலாய் மடித்துக் கட்டி வடித்து, ஐஸ் வண்டியின் தாங்கிக்குள் ஊற்றினார். புதன்கிழமையிலிருந்து கிரேக்கும் இன்னும் நாலு பேரும் வேலை முடிந்து வந்து அள்ளினார்கள். நானும் போய் அள்ளினேன். விரல் விறைத்து, வாயில் வரக்கூடாத வார்த்தையெல்லாம் வந்தது.

ஜக்தீஷ் ஓடி வந்தான். "குழாயைத் திறக்கக்கூடாது என்று சொன்னேனே!"

"ஓம். ஒரு துளியும் திறக்கேல்லை. மீற்றரைப் போய்ப் பாரும்."

போய்ப் பார்த்தான். வந்து ஒரு வாளியைத் தூக்கினான்.

வெள்ளியன்று ஐஸ் கண்ணாடி மாதிரி மட்டம். நிறம்தான் பால் விடாத அசல் வெறுந்தேத்தண்ணி. காலணி ஊத்தை, அவர்கள் அடித்து விளையாடுகிற வட்டக் கட்டையின் கறுப்பு ரப்பர், கோடு போட்ட சாயம் எல்லாம் அதில் இருந்தன. சேலை என்ன செய்யும்?

சனிக்கிழமை தெற்குப் பக்கத்து அணி வந்தது. அவர்களின் கப்டன் ஐஸைப் பார்த்து மூக்கைப் பிடித்தான். "இது அழுக்கு. இதில் விளையாட மாட்டோம்." அவனுக்குப் பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். செயலாளரும் தலையை ஆட்டினார். கிரேக்குக்கு முகம் செத்துப்போனது.

இவர் ஐஸ் மழிக்கிற வண்டியிலிருந்து இறங்கி வந்தார். இவரின் இங்கிலீஷ் அதிகம் ஓடாது, ஆனால் அன்று ஓடியது. "விதிப் புத்தகத்தை எடுங்கோ. ஐஸ் எப்படி இருக்கோணும் எண்டு இருக்குது?"

செயலாளர் புரட்டினார். "உறுதியாக, மட்டமாக, கோடுகள் தெரியும்படி."

"கோடு தெரியுதோ?"

"தெரிகிறது."

"வெள்ளையா இருக்கோணும் எண்டு எழுதியிருக்கோ?"

செயலாளர் மறுபடி புரட்டினார், முன்பக்கம், பின்பக்கம். எழுதியிருக்கவில்லை. எனக்கு அந்த நேரம் கை தட்ட வேண்டும் போலிருந்தது. ஏன் வெட்கம், தட்டியே விட்டேன்.

ஆட்டம் நடந்தது. எங்கள் ஆட்கள் மூன்று நாள் வாளி தூக்கிய தோளோடு விளையாடினார்கள். முதல் பகுதியிலேயே மூன்று கோல் வாங்கினோம். கடைசியில் ஏழுக்கு ஒன்று. அந்த ஒன்றும் யாருடைய முழங்காலிலோ பட்டு வலைக்குள் போனது.

எல்லாம் முடிந்த பிறகு செயலாளர் புள்ளித்தாளை வைத்துக்கொண்டு இவரிடம் வந்தார். குரல் தேனாய் வந்தது. "பாருங்கள் மோ, இந்த நிலைமையில் இவ்வளவு பெரிய தோல்வியை உங்கள் தலையில் கட்ட எனக்கு மனமில்லை. ஐஸ் சரியில்லை, ஆட்டம் நடக்கவில்லை என்று எழுதிவிடட்டுமா? மானம் தப்பும்."

இரக்கமா, சூழ்ச்சியா, இன்றுவரை எனக்குத் தெரியாது. நடக்கவில்லை என்று எழுதினால் அது இரண்டாவது. அதோடு ஹெரன்ஸ் இல்லை. கிரேக் களைப்பில் விளங்காமல் நின்றான், எனக்கும் உடனே விளங்கவில்லை. இவருக்கு விளங்கியது.

பரலில் ஊறி வெடித்த விரலால் அந்தத் தாளைத் தொட்டுக் காட்டினார்.

"நடந்தது. நாங்கள் தோத்துப்போனம். ஏழுக்கு ஒண்டு. எழுதுங்கோ."

செயலாளர் பென்சிலை எடுத்தார்.

"பென்சில் வேண்டாம்" என்றார் என் மனிசன். "பேனையால எழுதுங்கோ."