நீட்டு அன்ரனாவும் கட்டை அன்ரனாவும்

இது ஏறாவூர் அம்ஜத்துக்கு நடந்தது. இரண்டு மீன் லொறிகளின் சொந்தக்காரர். அவர் பொய்யே பேசாத மனிதர் என்று நான் சொல்லமாட்டேன், வியாபாரி. ஆனால் இந்தக் கதையால் அவருக்கு அவமானத்தைத் தவிர வேறொன்றும் கிடைக்கப் போவதில்லை. அதனால்தான் நம்புகிறேன்.

ஒரு லொறியை அவரே ஓட்டுவார். மற்றதை ஓட்டியது தங்கை ஸுஹைனாவின் கணவன் கச்சி முகம்மது. புணாணைக் காட்டில் கைப்பேசி எடுபடாது. பாதையில் யானை நிற்கும். முன்னால் போகிறவன் பின்னால் வருகிறவனுக்குச் சொல்லவேண்டும். அதற்காக இரண்டு லொறிக்கும் மைக்கில் பேசிக்கொள்ளும் சீ.பீ. ரேடியோ செட் பூட்ட நினைத்தார்கள்.

மட்டக்களப்பில் ரேடியோ திருத்தும் நிலோஜனிடம் பழைய செட்டுகள் மலிவாகக் கிடைத்தன.

"செட் பழசெண்டாலும் பரவாயில்ல, அண்ணன்," என்றான் நிலோஜன். "அன்ரனாவில மட்டும் மிச்சம் பிடிக்காதீங்க. குரலக் கொண்டு போறது அதுதான்."

கூரை நடுவில் பூட்டும் நீட்டு அன்ரனா ஒன்று பதினாலாயிரம். காந்தத்தில் ஒட்டும் கட்டை அன்ரனா நாலாயிரத்து ஐந்நூறு. அம்ஜத் இரண்டிலும் ஒவ்வொன்று வாங்கினார். நீட்டு தன் லொறிக்கு. கட்டை மச்சானுக்கு. கச்சி முகம்மது அதைக் கையில் வாங்கிப் பார்த்தார். தன் லொறிக் கூரையில் ஒட்டினார்.

முதல் வாரமே வினை தொடங்கியது. ஒரு மைலுக்கு மேல் மச்சானின் குரல் வராது. வந்தாலும் இரைச்சல். அவர் விடாமல் கூப்பிடுவார். "மச்சான், கேக்குதா? மச்சான், கேக்குதா?" அம்ஜத்துக்கு எரிச்சல். ஞாயிற்றுக்கிழமை நாலு பேர் முன்னால் சொல்லிவிட்டார்.

"பிழை அன்ரனாவில இல்ல. உங்களுக்குத்தான் பேசத் தெரியா."

அதுதான் அவர் மச்சானுக்கு நேரில் சொன்ன கடைசி வார்த்தை.

செவ்வாய்க்கிழமை. மார்கழி மழை. அதிகாலை 4.05க்கு அம்ஜத் ஐஸ் போட்ட மீனோடு ஏறாவூரிலிருந்து புறப்பட்டார். மச்சான் வாழைச்சேனைத் துறைமுகத்தில் ஏற்றிக்கொண்டு நின்றார். "நீங்க போங்க, நான் பின்னால வாறன்" என்று கைப்பேசியில் செய்தி வந்தது. தம்புள்ளை வியாபாரி ஏழரைக்குப் பிறகு மீன் எடுக்கமாட்டான். அம்ஜத் நிற்காமல் ஓட்டினார்.

5.12. புணாணை தாண்டி, காட்டுக்குள். செட் பேசியது.

"மச்சான், கேக்குதா?"

தெளிவான குரல். இரைச்சலே இல்லை. கட்டை அன்ரனாவும் வேலை செய்கிறதுதானே என்று அம்ஜத்துக்கு உள்ளுக்குள் ஒரு வெற்றி. மைக்கை எடுத்தார்.

"கேக்குது. எங்க நிக்கிறீங்க?"

மைக்கை மாட்டிவிட்டு ஓட்டினார்.

5.31. "மச்சான்... லைட்டெல்லாம் அணைஞ்சிட்டு."

குரலுக்குப் பின்னால் எஞ்சின் சத்தம் இல்லை. மழைச் சத்தமும் இல்லை. மூச்சு மட்டும். லொறி பழுதாகி நிற்கிறது போல என்று நினைத்தார். திரும்பினால் மீன் நாசம். விடிந்தால் யாராவது உதவுவார்கள்.

வெலிக்கந்தையில் கைப்பேசி எடுபட்டது. மச்சானின் எண்ணை அழைத்தார். இணைப்பில் இல்லை.

5.52. மன்னம்பிட்டிப் பாலம்.

"மச்சான், குளிருது."

அப்போதுதான் கணக்குப் பார்த்தார். மச்சான் இன்னும் காட்டுக்குள் நின்றால், இருவருக்கும் இடையில் இருபது மைலாவது இருக்கும். நிலோஜனின் விலை கூடிய அன்ரனாவும் அவ்வளவு தூரம் இழுக்காது.

செட்டைப் பார்த்தார். குரல் வந்தால் பச்சைக் கோடுகள் எரியவேண்டும்.

ஒரு கோடும் எரியவில்லை.

"திரும்பி வாங்க, மச்சான்..."

கோடு எரியவில்லை.

லொறியை ஓரங்கட்டினார். விடியத் தொடங்கியிருந்தது. கடைக்காரன் ஒருவன் பலகை திறந்துகொண்டிருந்தான். பள்ளிப் பிள்ளைகள் குடையோடு நின்றார்கள். அம்ஜத் செட்டின் பின்பக்கம் கைவிட்டு, அன்ரனா வயரைத் திருகிக் கழற்றினார். வயர் அவர் கையில்.

"திரும்பி வாங்க..."

முன்னையதைவிடக் கிட்டத்தில்.

இது மச்சான் இல்லை. வேறு ஏதோ. அப்படித்தான் அவர் முடிவெடுத்தார். காவலுக்கு ஆயத்துல் குர்ஸியை ஓதிக்கொண்டு லொறியை எடுத்தார். திரும்பிப் போகவில்லை. தம்புள்ளைப் பக்கமாக மிதித்தார்.

6.19. மூச்சு.

6.24. மூச்சு. நீண்ட இடைவெளி.

6.27. மின்னேரியா.

"மச்சான்..."

அவ்வளவுதான்.

மீனுக்கு நல்ல விலை கிடைத்தது. 9.40க்குத் தகவல் வந்தது.

புணாணைக்கு இப்பால், யானைக்கு விலத்தப் போய் லொறி மதகில் மோதிப் பற்றைக்குள் புரண்டிருந்தது. பாதையில் போனவர்களுக்குத் தெரியவில்லை. விறகுக்குப் போன ஒருவர்தான் கண்டார். மோதியது ஐந்து மணி தாண்டி. உடனே உயிர் போகவில்லை என்றார் டொக்டர். கால் நசுங்கி, இரத்தம் போய், ஆறரை மட்டில்தான் மவுத்தாகியிருக்கிறார். யாராவது நேரத்தோடு போயிருந்தால் காப்பாற்றியிருக்கலாம் என்றும் சொன்னார். கேட்காமலே சொன்னார்.

ஜனாஸா அடக்கிவிட்டு வந்த இரவு தங்கை ஸுஹைனா கேட்டாள்.

"காக்கா, அவர் உங்களைக் கூப்பிடல்லையா? செட் இருந்துதானே."

அம்ஜத் தரையைப் பார்த்தார்.

"இல்ல."

"ஒருக்காக் கூடவா?"

"இல்ல, புள்ள. அந்த அன்ரனாவில கேக்காது."

அவள் தலையாட்டினாள். நம்பிவிட்டாள். அதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை. அன்று விடியும்வரை மனதுக்குள் ஒரே வழக்கு. மச்சான் செட்டில் கூப்பிட்டார். தன் காதால் கேட்டது. கோடு எரியாதது செட்டின் பழுது. வயரைக் கழற்றிய பிறகு கேட்டது பயத்தில் வந்த மயக்கம். இப்படிச் சொல்லிச் சொல்லி, பேயை மனதிலிருந்து விரட்டிவிட்டார். குற்றம் மட்டும் மிஞ்சியது. அதைச் சுமந்துகொண்டு இருந்துவிடலாம் என்றுதான் நினைத்தார்.

வெள்ளிக்கிழமை பின்னேரம் நிலோஜன் அழைத்தான். அவனுக்கு மரணச் செய்தி தெரியாது.

"அண்ணன், மச்சான்ட போன் வேலை செய்யுதில்ல. அவர்ட செட் ரெடி எண்டு சொல்லுங்க."

"எந்த செட்?"

"லொறியில இருந்த செட்தான். கழட்டிக் கொண்டு வந்து தந்தவர். தன்ட காசில நீட்டு அன்ரனா போடச் சொன்னவர். அன்ரனா கொழும்பில இருந்து இண்டைக்குத்தான் வந்தது. அதுவரைக்கும் செட் என்ட மேசையிலதான் கிடந்தது."



"எண்டைக்குத் தந்தவர்?"

"திங்கட்கிழமை பின்னேரம், அண்ணன்."