பாண்டி கேட்காத நாலாவது பாட்டு

சங்கிலிப்பாண்டிக்கு இரண்டு உத்தியோகம். பகலில் மட்டாஞ்சேரி பஜாரில் ஒரு மிளகுக் குடோனில் சாம்பிள் பார்ப்பார். மற்ற நேரமெல்லாம் உலகத்து ராக் இசைக்குழுக்களுக்கு மார்க் போடுவார். முதல் வேலையில் சம்பளம் உண்டு, இரண்டாவதில் மரியாதை உண்டு. மரியாதையைக் கொடுத்தால் கடையில் மீன் தரமாட்டார்கள் என்று அவர் மனைவி பாண்டிச்செல்வி ஒருநாள் சொல்லிப் பார்த்தாள். காதில் ஹெட்ஃபோன் மாட்டியிருந்ததால் அது அவரிடம் போய்ச் சேரவில்லை.

பாண்டியின் அப்பா சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து மூட்டை தூக்க வந்தவர். பாண்டி பிறந்து படித்ததெல்லாம் இங்கேதான். அதனால் தமிழில் பேசுவார், மலையாளத்தில் எழுதுவார். இந்த ஊரில் தமிழர்களைக் கேலி செய்யக் கூப்பிடும் பெயரையே வைத்து ‘மட்டாஞ்சேரி பாண்டி’ என்று ஃபேஸ்புக்கில் ஒரு பக்கம் ஆரம்பித்தார். படித்தவர்கள் அதை ஏதோ பெரிய கலகம் என்று எடுத்துக்கொண்டார்கள். ரேஷன் கார்டில் இருக்கிற பெயரில் பாதிதான் அது என்று அவரும் யாருக்கும் சொல்லவில்லை. பதினோராயிரம் பேர் சேர்ந்துவிட்டார்கள்.

ஒரு குழுவின் முதல் ஆல்பம் மட்டும்தான் ஆல்பம், அப்புறம் வருவதெல்லாம் வியாபாரம் என்பது அவர் கட்சி. நாலு பேருக்குப் பிடித்துவிட்டால் அந்தக் குழு கெட்டுப்போயிற்று என்று அர்த்தம். டென்மார்க்கில் மூன்று பேர் சேர்ந்து போட்ட ஓர் ஆல்பத்துக்குப் பத்துக்கு ஒன்பதரை கொடுத்தார். அதில் ஒரு பாட்டு பிஸ்கட் விளம்பரத்தில் வந்ததும் ஆறாகக் குறைத்துவிட்டார். டென்மார்க்கில் இதனால் யாரும் சாப்பிடாமல் படுத்ததாகத் தகவல் இல்லை. ஆனால் இங்கே இடப்பள்ளியிலும் காக்கநாட்டிலும் கிட்டார் வைத்திருந்த பையன்கள் அவர் பெயரைக் கேட்டாலே பயந்தார்கள்.

அவர் கேட்கிற விதம் ஒன்று உண்டு. செல்விக்கு அது ரொம்பப் பின்னால்தான் தெரிந்தது. பஜாரில் மிளகு மூட்டையை அவிழ்த்துக் கொட்டிப் பார்க்கிற வழக்கம் இல்லை. குழல் மாதிரி இருக்கும் குத்தூசியால் சாக்கில் மேலே ஒரு குத்து, நடுவில் ஒரு குத்து, அடியில் ஒரு குத்து. உள்ளங்கையில் விழுவதை உருட்டி, முகர்ந்து, ஒன்றைக் கடித்து, “ஈரம் நூத்துக்குப் பதிமூணு, பொக்கு அஞ்சு” என்று பாண்டி சொன்னால் முதலாளி மறுபேச்சு பேசமாட்டார். ஆல்பத்தையும் அவர் அப்படித்தான் பார்த்தார். முதல் பாட்டில் அரை நிமிஷம், நடுப்பாட்டில் அரை நிமிஷம், கடைசிப் பாட்டில் அரை நிமிஷம். அப்புறமும் இரண்டு மணி நேரம் ஹெட்ஃபோனைக் கழற்றமாட்டார். அந்த நேரத்தில் காதில் ஓடியது, கல்லூரி நாளில் பிடித்துப்போன ஒரே ஓர் ஆல்பம்.

செல்விக்கு, யூதர்கள் வாழ்ந்த ஜூ டவுனில் ஒரு ஹோம்ஸ்டேயில் சமையல் வேலை. அதை ஒட்டிக் காலியாகக் கிடந்த ஒரு குடோனில் ‘ஈரச்சுவர்’ என்ற குழு பாட்டுப் பதிவு செய்ய வந்தது. கூரை உயரத்தில் நல்ல எதிரொலி கிடைக்கிறதாம். அவர்களுக்குச் சாயா கொண்டுபோன செல்வி, வாசல் குழாயடியில் கிளாஸ் கழுவியபடி வழக்கம்போலப் பாடிக்கொண்டிருந்தாள். கேஸ் சிலிண்டர் வரவில்லை, எறணாகுளம் பஸ்ஸும் வரவில்லை, வருகிறேன் என்று சொன்ன மழையும் வரவில்லை என்று போகும் ஒரு பாட்டு.

குழுவின் தலைவன் நிகில் ஓடிவந்தான். “சேச்சி, இது எத்தற வருஷம் பழைய பாட்டு?”

“இன்னைக்குக் காலைலதான். கேஸ் தீந்துபோச்சுல்லா.”

நிகிலுக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. ஒன்பது பாட்டில் அதுதான் நாலாவது என்று முடிவாயிற்று. கிட்டார்களை நிறுத்திவிட்டு, அவள் குரலையும் ஒரு தாளத்தையும் மட்டும் வைத்துக்கொண்டார்கள். செல்வி ஒரே ஒரு நிபந்தனை போட்டாள். பெயர் போடக் கூடாது.

“எங்க வீட்டுக்காரர்தான் அந்த மட்டாஞ்சேரி பாண்டி. நான்னு தெரிஞ்சா மார்க் கூடிரும். யாரோ பாடுனதாட்டம் கேக்கட்டும். கேட்டுட்டு என்ன சொல்லுதாரோ, அதுதான் எனக்கு வேணும்.”

பாண்டி என்ற பெயரைக் கேட்டதும் நிகிலின் முகம் வெளிறிப்போனது. செல்விக்கோ பயமே இல்லை. கல்யாணமாகிப் பதினாலு வருஷத்தில் பாண்டி ஒரு பொய்ப் பாராட்டு சொல்லி அவள் கேட்டதில்லை. சாம்பார் நன்றாக இல்லையென்றால் இல்லைதான். அந்த வாயால், நன்றாக இருக்கிறது என்று ஒரு ‘கொள்ளாம்’ வந்தால், கழுத்தில் தங்கம் ஏறிய மாதிரி இருக்கும் அவளுக்கு. ஆசையை வெளியே காட்டிக்கொள்ளாமல் மூன்று வாரம் காத்திருந்தாள்.

ஆல்பம் வெளியாகி விமர்சனமும் வந்தது. பஸ் போர்டுகளைப் பார்த்துப் பழகிய மலையாளத்தில் செல்வி அதை எழுத்தெழுத்தாகக் கூட்டிப் படித்தாள். ‘ஈரம் அதிகம், கனம் குறைவு. ஒன்பது பாட்டையும் சல்லடை போட்டுப் பார்த்துவிட்டேன். மண்ணோடு ஒட்டிய ஒரு குரல்கூட இதில் இல்லை. எல்லாமே மால் பையன்களின் சோகம். பத்துக்கு நாலு.’ கீழே முந்நூறு பேர் கைதட்டியிருந்தார்கள். அவளுக்கு அழுகை வந்தது. ஒருவேளை தன் குரல் அப்படித்தான் இருக்கிறதோ, இத்தனை நாள் தனக்குத்தான் தெரியாமல் போயிற்றோ என்று நினைத்தாள். அன்றிலிருந்து பாத்திரம் கழுவும்போதுகூட வாயைத் திறக்கவில்லை. அது வீட்டில் யாருக்கும் வித்தியாசமாகத் தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் நிகில் வீட்டுக்கே வந்துவிட்டான். சண்டைக்குத்தான் வந்திருக்கிறான் என்று பாண்டி நிமிர்ந்து உட்கார்ந்தார். அவர் சபையில் இப்படிப் பலபேர் வந்து அழுதிருக்கிறார்கள்.

“சேட்டா, மார்க் போகட்டே. அந்த நாலாவது பாட்டு, ஒரு பெண்ணு பாடுனது? அதுவும் அத்தற மோசமா?”

பாண்டி ஒரு கணம்கூடத் தடுமாறவில்லை. “அதுதாண்டா உள்ளதுல மோசம். ஏதோ இடப்பள்ளி மால்ல காப்பி குடிக்கிற பெண்குட்டி, பட்டிக்காட்டுக்காரி மாதிரி அபிநயம் காணிக்குது. வாழ்க்கைல ஒரு பாத்திரம் கழுவிருக்குமா அது? குரல்லயே தெரியுதே.”

சாயாவோடு வாசற்படியில் நின்ற செல்விக்கு அப்போதுதான் எல்லாம் விளங்கியது. இந்த மனுஷன் பாட்டைக் கேட்கவே இல்லை. அவளுக்குக் கோபம்தான் வந்திருக்க வேண்டும். முதலில் வந்தது, அப்பாடா என்ற நிம்மதி.

நிகில் ஃபோனை எடுத்து நாலாவது பாட்டைப் போட்டான். பாண்டி கண்ணை மூடிக்கொண்டார். அரை நிமிஷம் தாண்டியது. ஒரு நிமிஷம் தாண்டியது. சிலிண்டர் வராத இடத்தில் அவர் தலை ஆடியது, பஸ் வராத இடத்தில் விரல் தொடையில் தாளம் போட்டது. பாட்டு முடிந்த பிறகுதான் கண்ணைத் திறந்தார். செல்வி தட்டைப் பிடித்தபடி நின்றாள்.

“இது வேற மிக்ஸிங் ஆக்கும். அன்னைக்குக் கேட்டது இப்படி இல்ல” என்றார் முதலில். அப்புறம் குரல் இறங்கி, “கொள்ளாம்டா. யாரு இது?” என்று கேட்டார்.

நிகில் அவரைப் பார்த்தான், செல்வியைப் பார்த்தான். அவள் சொல்லாதே என்று தலையசைத்தாள்.

“அறிஞ்ச ஒரு சேச்சியாணு” என்று சொல்லிவிட்டு, சாயாவைக்கூடக் குடிக்காமல் போய்விட்டான்.

அன்று மத்தியானமே திருத்திய விமர்சனம் வந்தது. மட்டாஞ்சேரி பாண்டி மார்க்கை ஏற்றியது சரித்திரத்திலேயே இதுதான் முதல் தடவை. பத்துக்கு எட்டு. ‘பெயர் தெரியாத அந்தப் பெண்ணின் குரலில் நம் தெருக்களின் ஈரம் இருக்கிறது. இப்படிப்பட்ட குரல்கள் நம் பக்கத்திலேயே இருக்கின்றன, நமக்குத்தான் காது இல்லை’ என்று உருகி எழுதியிருந்தார். செல்வி இதையும் எழுத்தெழுத்தாகக் கூட்டி முடித்தாள். இரண்டு வரிக்கு ஒரு தடவை சந்தோஷமும் ஆத்திரமும் மாறி மாறி வந்தன. கடைசியில் அந்தப் பக்கத்தில் முதல் முறையாக ஒரு கமென்ட் போட்டாள். தமிழில்தான்.

‘பாடுனது நான்தான். உங்க பொண்டாட்டி. சோறு ஆறுது, சாப்பிட வாங்க.’

தமிழ் தெரிந்த ஒரு புண்ணியவான் அதை மலையாளத்தில் பெயர்த்துக் கீழே போட்டான். ஒரு மணி நேரத்தில், டென்மார்க்குக்குக் கிடைக்காத கூட்டமெல்லாம் அந்த ஒரு கமென்டுக்குக் கூடிவிட்டது.

பாண்டி அடுக்களை வாசலில் வந்து நின்றார். ஹெட்ஃபோன் கழுத்தில் தொங்கியது.

“நீயா செல்வி அது? இங்க பாடி நான் கேட்டதே இல்லையே.”

“தெனமும் பாடிட்டுத்தான் இருந்தேன்.”

அவர் தரையைப் பார்த்தார். யாருக்கும் மார்க் போடாத ஒரு குரலில், “ஒரு தடவை பாடேன். கேக்கேன்” என்றார்.

செல்வி தட்டில் சோற்றைப் போட்டு அவர் முன்னால் நகர்த்தினாள்.

“அதான் ஆல்பத்துல இருக்கே. போய்க் கேளுங்க. முழுசா.”