எரிமலை நாயகனுக்கு ஊற்றிய பால்

அமல்ராஜுக்கு இரண்டு தலைவர்கள். ஒருவர் தோட்டத்துத் தொழிற்சங்கத் தலைவர் கந்தையா. அமல்ராஜ் குடியிருக்கும் லயத்தின், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளின், கடைசி வீட்டில்தான் இருக்கிறார். ஆனால் யாருக்காவது பிரச்சினை என்றால் கண்ணில் படமாட்டார். மற்றவர் எரிமலை நாயகன் ஆதிரூபன், சினிமா நடிகர். சென்னையில் இருக்கிறார். அவரும் கண்ணில் பட்டதில்லை. என்றாலும் அமல்ராஜ் 'தலைவரு' என்று சொன்னால் அது நடிகரைத்தான் குறிக்கும். கந்தையாவுக்கு இதில் பல வருடத்து மனத்தாங்கல்.

இலங்கையில் ருவான்வெல்லைக்குப் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் அமல்ராஜ் பால் வெட்டுகிறார். மரத்துக்குக் காயம் படாமல் பட்டை சீவுவதில் கெட்டிக்காரர். மற்றபடி அவருடைய வாழ்க்கை வரலாற்றை எழுத ஆதிரூபனின் படங்களை வரிசையாகச் சொன்னால் போதும். ஆதிரூபன் போலீஸாக நடித்தபோது இவருக்கு மீசை வந்தது. சிகரெட்டைத் தூக்கிப்போட்டு வாயால் பிடித்தபோது இவர் பீடி பழகினார். புற்றுநோய் மருத்துவராக வந்து கண்ணீர் விட்டபோது பீடியை விட்டார். அடுத்தது தாதா படம். பீடி திரும்பிவிட்டது.

"அடுத்த படத்துல அந்தாளு செத்துப்போனா நீங்க என்னங்க செய்வீங்க?" என்று மனைவி ஸ்டெபானி கேட்டார்.

"தலைவரு படத்துல சாக மாட்டாரு."

"அப்ப நாங்கதான் சாவணும்."

போன வருடம் நடிகரின் பிறந்தநாளுக்கு ரசிகர் மன்றம் தோட்டத்துச் சந்தியில் ஒரு கட்-அவுட் வைத்தது. காகிதத்தில் அச்சடித்துப் பலகையில் ஒட்டிய ஆள் உயரப் படம். அதன் தலையில் ஊற்ற முஹ்ஸின் நானாவின் கடையில் பால் பைக்கற்றுகளும் வாங்கியாயிற்று. அப்போதுதான் கைபேசியில் ஆதிரூபன் வந்தார். முதலில் ஒரு சூதாட்டச் செயலியை விளையாடச் சொன்னார். பிறகு ஒரு சிவப்பழகு கிரீமைப் பூசச் சொன்னார். மூன்றாவதாக, கண் கலங்கி, ரசிகர்களுக்கு அறிவுரை சொன்னார்: "என் படத்துக்குப் பால் ஊத்தாதீங்க. அந்தப் பாலைப் பசிச்ச குழந்தைகளுக்குக் கொடுங்க."

பிரபலங்கள் நாட்டுக்கு முன்மாதிரியாக இருக்கவேண்டும் என்று மேடைதோறும் முழங்குகிறோமே, இதோ ஒருவர் இருந்துவிட்டார். அரை நிமிடம் இருந்தார். அந்த அரை நிமிடத்தை உலகத்திலேயே முழு மனதோடு நம்பியவர் அமல்ராஜாகத்தான் இருக்கும்.

பால் முழுவதும் பிள்ளைக்காம்பராவுக்குப் போயிற்று. தாய்மார் மலைக்கு வேலைக்குப் போகும்போது குழந்தைகளை விட்டுப்போகிற இடம் அது. அங்கே தோட்டம் கொடுத்துவந்த பால் நின்று வெகுநாளாகியிருந்தது. செலவைக் குறைக்கிறோம் என்றார்கள். குழந்தைகள் குடித்துவிட்டுக் கோப்பையை மறுபடியும் நீட்டினார்கள்.

சரி, தலைவருக்கு என்ன ஊற்றுவது? மன்றம் தலையைப் பிய்த்துக்கொண்டது. அமல்ராஜ் யோசித்தார்.

"பசிச்ச புள்ள குடிக்கிற பாலைத்தானே வேணாம்னாரு? நம்ம பாலை எந்தப் புள்ள குடிக்கும்?"

ரப்பர் தோட்டத்தில் பால் என்றால் முதலில் மரத்துப் பால்தான். தர்க்கத்தில் ஓட்டை இல்லை. பிறந்தநாளன்று காலை வெட்டிய பாலில் ஒரு வாளியை, நிறுக்கும் இடத்துக்குக் கொண்டுபோகாமல், அவர் சந்திக்குக் கொண்டுபோனார். விசில் பறந்தது. ஆதிரூபன் தலையிலிருந்து மார்பு வரை வெள்ளைவெளேரென்று வழிந்தார்.

மரத்துப் பால் காய்ந்தால் என்ன ஆகும் என்று பால் வெட்டுகிறவர்களுக்குத் தெரியாதா? தெரியும். பக்தி வந்தால் தெரிந்தது மறந்துபோகும். பக்தியின் வேலையே அதுதானே. மறுநாள் பகலுக்குள் வெயிலில் பால் இறுகி மஞ்சளாகி, பிறகு பழுப்பாகிவிட்டது. ஊருக்கெல்லாம் சிவப்பழகு விற்ற முகம் கறுத்துச் சந்தியில் நின்றது. அந்த வழியாக மோட்டார் சைக்கிளில் வந்த வெளிக்கள உத்தியோகத்தர் அது என்ன பால் என்று முகர்ந்து பார்த்தார்.

தோட்டத்துப் பாலைத் திருடியதாக அமல்ராஜை அலுவலகத்துக்குக் கூப்பிட்டார்கள். குற்றம் உறுதியானால் வேலை போகும். வேலை போனால் லயத்து வீடும் போகும். இரண்டு தலைமுறையாக இருக்கிற வீட்டுக்கு அவ்வளவுதான் உரிமை.

தோட்டத்து மேலாளரான துரை மேசைக்குப் பின்னால் இருந்தார். அவர் தலைக்கு மேலே நாட்காட்டியில் ஒரு கிரிக்கெட் வீரர் குளிர்பானம் குடித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் கந்தையா, அதிசயமாகக் கண்ணில் பட்டு, கை கட்டி நின்றார்.

"அமல்ராஜ், நீ நல்ல வேலைகாரன். ஒன்ன நாசம் பண்ணினது அந்த சினிமாகாரன்," என்றார் துரை. "நாளைக்கு பெரட்டுல எல்லாருக்கும் முன்னுக்கு சொல்லு. சினிமா பாத்துதான் நான் களவெடுத்தேன், அந்த நடிகன்தான் காரணம் எண்டு சொல்லு. நான் விட்டுர்றேன். ஹரித? சரியா?"

"நடிகன்னா முன்மாதிரியா இருக்கணுங்க தொரை," என்று கந்தையா ஒத்து ஊதினார். "அந்தப் பொறுப்பு அவனுக்கு இல்லாததாலதான் நம்ம ஜனங்க இப்பிடிக் கெட்டுப்போவுது. சொல்லிர்றா அமலு. ஒரு வார்த்தைதானே?"

அமல்ராஜ் தரையைப் பார்த்தார். "என்னைய என்ன வேணும்னாலும் சொல்லுங்க தொரை. தலைவரு பேரைக் கெடுக்க மாட்டேங்க."

கந்தையா ஒரு கணம், தன்னைத்தான் சொல்கிறானாக்கும் என்று நெகிழ்ந்துபோனார்.

விஷயம் கேட்ட ஸ்டெபானி திட்டவில்லை. அவரும் பால் வெட்டுகிறவர்தான். சாயங்காலம் சாக்கு ஒன்றை எடுத்துக்கொண்டு சந்திக்கு நடந்தார். அமல்ராஜ் பின்னாலேயே ஓடினார்.

"ஏய், மொகத்துல கை வெக்காத! பாவம்!"

"வீட்டுக்கு வெளிய நிக்கப்போறது நானும் எம்புள்ளையும். இந்த அட்டைக்குப் பாவம் பாக்குறீங்களா?"

தாடையில் நகத்தைக் கொடுத்து இழுத்தார். வெட்டில் காய்ந்த ஒட்டுப்பாலை உரித்து உரித்துப் பழகிய கை. சரசரவென்று வந்தது. பாலோடு காகிதமும் வந்தது. கண், மூக்கு, மீசை, புன்சிரிப்பு எல்லாம் ரப்பரின் அடிப்பக்கத்தில் ஒட்டிக்கொள்ள, பலகையில் மார்புக்கு மேலே வெறும் மரம் தெரிந்தது. அமல்ராஜ் அங்கேயே உட்கார்ந்து அழுதார்.

மறுநாள் பெரட்டு. வேலை பிரித்துக்கொடுக்கும் முன் எல்லோரும் வரிசையாக நிற்கும் நேரம். துரையும் வந்திருந்தார். அமல்ராஜ் வாயைத் திறக்கும் முன் ஸ்டெபானி சாக்கைத் தராசின் மேல் கொட்டினார்.

"ஒட்டுப்பாலுங்க ஐயா. தோட்டத்துப் பாலு தோட்டத்துக்கே வந்துருச்சு. நிறுங்க."

வெளிக்கள உத்தியோகத்தர் புரட்டிப் பார்த்தார். ஆதிரூபன் அவரைப் பார்த்துச் சிரித்தார்.

"இதுல காகிதம் கலந்திருக்கே. அழுக்குக்குக் கழிக்கணும்."

"கழிங்க ஐயா. மூஞ்சியக் கழிச்சிட்டு மிச்சத்த எழுதுங்க."

வரிசை முழுவதும் சிரித்தது. துரைக்கு முகம் சிவந்தது, கிரீம் தேவைப்படவில்லை. "களவு களவுதான். இவன் சொல்லணும், யார் ஒன்ன கெடுத்தது எண்டு சொல்லணும்," என்றார்.

"நான் சொல்றேங்க தொரை," என்றார் ஸ்டெபானி. "மாட்டுப் பாலத்தான் ஊத்த இருந்தாங்க. அது புள்ளைக்காம்பராவுக்குப் போயிருச்சு. ஏன் போச்சு? அங்க பாலு இல்ல. ஏன் இல்ல? அத நிப்பாட்டுனது அந்த நடிகன் இல்லங்களே. கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கிறவன் முன்மாதிரியா இருக்கணும்னு தொரையும் தலைவரும் சொல்றீங்க. இந்தப் பக்கம் இருக்கிறவங்க எப்பிடி இருக்கணும்? அதையும் இந்தப் பெரட்டுலயே பேசுவமா?"

அதைப் பேசத் துரைக்கு நேரம் இல்லை. மழை வருகிறாற்போல் இருக்கிறது, மலைக்குப் போங்கள் என்றார். வானம் பளிங்கு மாதிரி இருந்தது. கந்தையா எல்லோருக்கும் முன்னால் நடந்தார். அமல்ராஜின் வேலைக்கும் வீட்டுக்கும் அதற்குப் பிறகு ஒன்றும் ஆகவில்லை. களவுப் பேச்சை எடுத்தால் பிள்ளைக்காம்பராப் பால் பேச்சும் வருமே.

அமல்ராஜ் திருந்திவிட்டாரா என்றால், இல்லை. மனைவியோடு சில நாள் பேசாமல் இருந்தார். பிறகு புதுப் படம் வந்தது. ஆதிரூபன் அதில் மனைவியை மதிக்கிறவர். பேச ஆரம்பித்துவிட்டார்.

பிள்ளைக்காம்பராவுக்கு மட்டும் இன்னும் பால் வரவில்லை. குழந்தைகள் கோப்பையோடு வந்து கேட்கும்போது அங்கே பார்த்துக்கொள்கிற விஜயகலா சொல்கிற பதில் ஒன்றுதான்:

"இருங்கடா, எரிமலை நாயகனுக்குப் பொறந்தநாளு வரட்டும்."