திவசத்துக்காக நிறுத்திய குளிசை

திருகோணமலையில் மூதூர் லாஞ்சிப் படகு வந்து நிற்கும் துறையில் நான் மூட்டை சுமப்பவன். மீன்பிடிக்கப் போன தம்பி திரும்பி வராத பிறகு எனக்கு மனநோய் வந்தது. இல்லாத குரல்கள் கேட்கும். ஆஸ்பத்திரிக் குளிசையால் அது அடங்கியிருந்தது.

போன வருடம் தம்பியின் திவசத்துக்காக ஒரு கிழமை, ஏழு நாளும் விரதமிருந்தேன். சாப்பிட்ட பிறகு போட வேண்டிய குளிசை என்பதால் அதையும் நிறுத்திவிட்டேன்.

திவசத்தன்று சோறு படைத்து, காகத்துக்கும் வைத்துவிட்டுக் காத்திருந்தேன். "அண்ணை, தோணி இழுக்க வாங்கோ" என்று தம்பி கடற்கரையிலிருந்து கூப்பிடுவது கேட்டது. எழுந்து நடந்தேன். அது கடற்படை தடைசெய்த கரை. இறங்கினால் சுடுவார்கள்.

முட்கம்பியில் கை வைத்தபோது யாரோ என் இடுப்புச் சாரத்தைப் பிடித்து இழுத்தார்கள். என்னோடு மூட்டை சுமக்கும் நஸீர். திவசச் சாப்பாட்டுக்கு நான் அழைத்திருந்தேன்.

"எங்க மச்சான் போறாய்?"

"தம்பி கூப்பிடுறான்."

அவன் மறுக்கவில்லை. "அவனுக்கு வீட்டிலதானே சோறு வச்சிருக்காய். அங்க வரட்டும். நானும் பசியோட வந்தனான், நட."

நடந்தேன். காவலரணில் ஒருவன் துவக்கை எங்கள் பக்கம் நீட்டியிருந்ததை வீட்டுக்கு வந்த பிறகே நஸீர் சொன்னான். "உன்ட தம்பியின்ட திவசத்தில நானும் செத்து, எனக்குக் கத்தம் ஓத வேண்டி வந்திருக்கும்" என்றான்.

இப்போது குளிசையை ஒரு நாளும் விடுவதில்லை. இந்த வருடத் திவசத்தன்று நஸீர் காலையிலேயே பாணோடு வந்தான். நான் தின்று, குளிசை போட்ட பிறகுதான் உலை வைத்தோம். தம்பி கோபித்ததாகத் தெரியவில்லை. காகம் முன்போலவே வந்து சோறெடுத்தது.