உடைந்த கண்ணாடி விமானம்

காக்ஸ் டவுன் அடுக்குமாடிக் குடியிருப்பில், எங்கள் கீழ்வீட்டில் ஓய்வுபெற்ற விமானப்படை அதிகாரி ஒருவர் இருந்தார். பழைய போர் விமானங்களுக்குப் பதிலாகப் புதியவை எப்போது வரவேண்டும் என்று திட்டமிடும் பிரிவில் இருந்தவர். நெடிய உருவம். வானில் இரைச்சல் கேட்டால், அது அடங்கும்வரை பேச்சை நிறுத்திவிடுவார்.

சுதந்திர தின விழாவில் குடியிருப்புச் செயலாளர் அவருக்கு ஒரு கண்ணாடி விமானத்தைப் பரிசளித்து, "விமானம் பழசானாலும் நம்ம பசங்க தைரியமா ஓட்டுவாங்க, சார்!" என்றார்.

அதிகாரி அதை மேசையில் ஓங்கி அடித்தார். சில்லுகள் பறந்தன. செயலாளரின் சட்டையைப் பிடித்து உலுக்கினார்.

"தைரியமா? புதுசு வர லேட்டாச்சுன்னு பழசுலயே அனுப்பினோம். எரிஞ்சு விழுந்தான்யா ஒருத்தன்! மோதிரத்த வச்சுத்தான் அடையாளம் சொன்னோம்!"

நான் அவரை இழுத்து விலக்கினேன். சில்லு கிழித்த அவர் உள்ளங்கையில் துணி சுற்றும்போது, "அந்தப் பையன் விழுந்தது சண்டையிலயா, சார்?" என்று கேட்டேன்.

"இல்லம்மா. பயிற்சியில."

அதை அவர் எவ்வளவு மெதுவாகச் சொன்னார் என்பதுதான் இன்னும் எனக்குள் நிற்கிறது.