சாயம் கடிக்கும் கம்பி

அன்டனா பூட்டுகிறவனிடம் வரும் முறைப்பாடுகள் இரண்டே வகைதான். ஒன்று, எங்கள் வீட்டில் படம் தெரியவில்லை. மற்றது, பக்கத்து வீட்டில் தெரிகிற படம் எங்கள் வீட்டில் தெரியவில்லை. இரண்டாவதற்குத்தான் அவசரம் அதிகம். மாத்தளையைச் சுற்றிக் கூரை கூரையாக ஏறி இறங்கியதில் நான் கண்ட உண்மை இது. இப்போது வீட்டுக்கு வீடு டிஷ் வந்துவிட்டது. ஆனால் பெரிய மழை வந்தால் டிஷ் கண்ணை மூடிக்கொள்ளும். அதனால் பழைய மீன்முள் அன்டனாவைக் கைவிடாதவர்களும் இருக்கிறார்கள், என் பிழைப்பும் ஓடுகிறது.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் முதலில் கேட்பது, எந்தப் பக்கம் திருப்ப வேண்டும், எத்தனை அடி உயர்த்த வேண்டும் என்பதுதான். அதெல்லாம் ஒரு கிழமையில் பழகிவிடும். பழகாத ஒன்றைச் சொல்லத்தான் மாத்தளைக்குப் பக்கத்துப் பலாபத்வலையில் நடந்ததை எழுதுகிறேன்.

கோடு ஓடுகிற படம்

நசீரா என்ற பெண்மணி அங்கே ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்து பத்திக் துணி செய்கிறார். துணியில் மெழுகால் படம் வரைந்து, சாயம் தோய்த்து, கொதிநீரில் மெழுகைக் கழற்றிக் காயப்போடுகிற வேலை. மழைக்காலத் தொடக்கத்தில் ஒரு நாள் காலையில் என்னைக் கூப்பிட்டார்.

"அண்ணே, டீவியில படம் ஆடுது, கோடு கோடா ஓடுது. காலையில நல்லா ஈக்கும், துணி வேலை தொடங்கின பொறகு பாக்க ஏலாது."

துணி வேலைக்கும் டீவிக்கும் என்ன சம்பந்தம் என்று எனக்குச் சிரிப்பு வந்தது. போய்ப் பார்த்ததும் சிரிப்பு கோபமாகிவிட்டது.

அன்டனாக் கம்பம் வீட்டின் முன்மூலையில், ரோட்டுப் பக்கமாக நின்றது. இவர்கள் குடிவருவதற்கு முன்பே யாரோ நிறுத்தியது. கம்பத்தைப் பிடித்து நிற்கும் ஸ்டே கம்பிகளில் ஒன்று முற்றத்தைத் தாண்டிப் போய் ஒரு கமுக மரத்தில் கட்டியிருந்தது. அந்தக் கம்பியில் இரண்டு பெரிய திரைச்சீலைகள் சொட்டச் சொட்டத் தொங்கின. கம்பம் துணிப் பக்கமாகச் சாய்ந்து, அன்டனாவின் முகம் ஒளிபரப்புக் கோபுரம் இருக்கும் மலைப் பக்கத்தை விட்டு வேறெங்கோ பார்த்துக்கொண்டிருந்தது. ஸ்டே கம்பி இருப்பது கம்பத்தைத் தாங்கத்தான், குடும்பத்துத் துணியைத் தாங்க இல்லை என்று கொஞ்சம் காரமாகவே சொன்னேன்.

நசீரா அசரவில்லை. முற்றத்தில் வெயில் விழுகிற ஒரே இடம் அதுதானாம். தம்புள்ளைப் பக்கம் ஒரு ஹோட்டலுக்கு அந்தத் திரைச்சீலைகளையும் மிச்சத் துணிகளையும் மறுநாள் கொடுத்தாக வேண்டும், மத்தியானத்துக்கு மேல் மழை நிச்சயம் என்றார். அதோடு இன்னொரு கவலையும் இருந்தது. மெழுகு வரைகிற பத்மா மாதக் கடைசியோடு வேலையிலிருந்து நிற்கப் போகிறாள். அவள் கையைப் போல ஒரு கை கிடைக்காது. ஆனால் சாயத்தில் கலக்கும் சோடாவும் சாயமும் அவள் நரம்பைக் கெடுத்துவிட்டனவாம், துணி காயப்போட்ட பிறகு விரல் நடுங்கிக் கோடு பிசகுகிறது. அவளே பயந்துபோய் வேண்டாம் என்கிறாள். இதைச் சொல்லும்போது நசீராவின் முகம் தொங்கிப் போயிருந்தது.

நரம்பு என் துறை அல்ல. அலுமினிய ஏணியை எடுத்துக் கம்பத்தில் சாய்க்கப் போனேன்.

கையுறை

அப்போதுதான் பத்மா இன்னொரு கூடைத் துணியுடன் வந்தாள். முப்பது வயது இருக்கும். இரண்டு கையிலும் ரப்பர் கையுறை. எனக்கு வாய் சும்மா இருக்காது. துணி காயப்போட எதற்குத் தங்கச்சி கையுறை, கம்பி என்ன கடிக்கவா போகிறது என்று கேட்டேன்.

அவள் சிரிக்கவில்லை.

"கடிக்கும்ங்க. இந்தக் கம்பில மட்டும் சாயம் கடிக்கும். அங்கிட்டு நைலோன் கயித்துல போட்டா ஒன்னும் செய்யாது. கையுறை போட்டா கொஞ்சம் கொறவுங்க."

என் கையில் ஏணி இருந்தது. கம்பத்துக்கும் அதற்கும் நடுவே ஒரு முழ இடைவெளி. ஏணியைப் பின்னுக்கு இழுத்துத் தரையில் கிடத்திவிட்டு, கூடையை அங்கேயே வைத்துவிட்டு எல்லோரும் தள்ளிப் போங்கள் என்று சத்தம் போட்டேன். நசீரா என்னைப் பைத்தியக்காரனைப் பார்ப்பது போலப் பார்த்தார்.

சாயத்துக்குக் கம்பி எது, கயிறு எது என்று தெரியாது. கரண்டுக்குத் தெரியும். காய்ந்த பலகை ஒன்றைப் போட்டு அதன்மேல் நின்று, ஒரு கையைப் பின்னால் வைத்துக்கொண்டு, கமுக மரப் பக்கத்து முனையைக் கரண்டு பார்க்கும் டெஸ்டரால் தொட்டேன். டெஸ்டர் மினுங்கியது.

பிறகுதான் அண்ணாந்து பார்த்தேன். ரோட்டுத் தூணிலிருந்து வீட்டுக்கு வரும் சர்விஸ் வயர் கம்பத்துக்குப் பக்கத்தில்தான் போனது. ஈரத்துணியின் பாரத்தில் கம்பம் சாயும்போதெல்லாம் ஸ்டே கம்பியைப் பிடித்திருக்கும் மேல் கிளாம்ப் அந்த வயரில் போய் உரசியிருக்கிறது. உரசி உரசி மேல்தோல் தேய்ந்துவிட்டது. படம் ஆடியதும் கோடு ஓடியதும் பத்மாவின் விரல் நடுங்கியதும் ஒரே காரணத்தால்தான். செருப்புக் காலோடு நின்றதால்தான் அவள் இதுவரைக்கும் தப்பினாள். வெறுங்காலோடு சேற்றில் நின்றிருந்தால் கையுறையும் காப்பாற்றியிருக்காது.

நசீரா ஓடிப்போய் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு வந்தார்.

"இப்ப தொடலாம்தானே? மழை வரப் போகுது அண்ணே."

மறுபடி டெஸ்டரை வைத்தேன். மினுக்கம் அப்படியே இருந்தது. சர்விஸ் வயர் மீட்டருக்கு முன்னால் வருவது. வீட்டுச் சுவிட்சோ ட்ரிப் சுவிட்சோ அதை ஒன்றும் செய்யாது. நீளமான தடியால் வயரைத் தள்ளிவிடலாமே என்றார். ஈரத் தடி எது, காய்ந்த தடி எது என்று சாவதற்கு முன்னால் யாருக்கும் தெரியாது என்று நான் சிடுசிடுத்தேன். மின்சார அலுவலகத்துக்குப் போன் செய்துவிட்டு, அவர்கள் வந்து தூணில் வயரைக் கழற்றும் வரைக்கும் அந்த இரண்டு துணியும் அங்கேயே நனையட்டும் என்றேன்.

நசீரா கொஞ்ச நேரம் திரைச்சீலைகளையே பார்த்தார். ஹோட்டலுக்கு என்ன பதில் சொல்வது என்ற கணக்கு முகத்தில் ஓடியது. பிறகு பத்மாவைப் பார்த்தார். அவள் கையுறையைக் கழற்றி விரல்களை விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்ப என் கை போகலியா?" என்று கேட்டாள்.

"போகல" என்றேன். "கம்பிதான் போச்சு."

அவள் அழுதாள். நசீராவும் அழுதார். துணி போனால் போகட்டும் என்று அவர் வாயாலேயே சொன்னார்.

மிளகுத் தளம்

பக்கத்துத் தோட்டத்தில் மிளகு காயப்போடுகிற சீமெந்துத் தளம் ஒன்று உண்டு. சத்தம் கேட்டு வேலிக்கு வந்த தோட்டக்காரர் சிங்களத்தில் விசாரித்தார். நசீரா சொல்லி முடிப்பதற்குள் அவர் மிளகைக் கூட்டி மூட்டை கட்டத் தொடங்கிவிட்டார். மிச்சத் துணிகளை எல்லாம் அந்தத் தளத்தில் விரித்தோம். வெயிலில் சுட்ட சீமெந்து கயிற்றைவிட வேகமாகக் காயவைத்தது. மழை தொடங்குமுன் அள்ளி எடுத்துவிட்டார்கள். ஹோட்டல்காரருக்கு மிளகு வாசனை இலவசம் என்று நான் கேலி செய்தேன். நனைந்த இரண்டையும் மட்டும் பிந்திக் கொடுத்தார்கள்.

மின்சார அலுவலக ஆட்கள் தூணில் பழைய வயரைக் கழற்றிப் புது வயர் இழுத்த பிறகுதான் நான் கம்பத்தில் கை வைத்தேன். அதைக் கழற்றி வீட்டின் பின்பக்கம் கொண்டுபோனேன். கம்பத்தைத் தரையில் கிடத்தி, அடிமுனை நிற்கப்போகும் இடத்தில் இருக்க, நுனியை எல்லாத் திசைக்கும் சுற்றிப் பார்க்க வேண்டும். எந்தப் பக்கம் விழுந்தாலும் வயருக்கு எட்டக் கூடாது. எட்டுகிற இடம் எவ்வளவு நல்ல படம் காட்டினாலும் அது அன்டனாவுக்கான இடம் இல்லை. ஆளுயரத்துக்குமேல் தாராளமாக இடைவெளியும் விட வேண்டும். அன்டனா முட்களைத் தரையிலேயே பூட்டி முடுக்கினேன். கூரைமேல் நின்று நட்டுத் தேடுகிறவன் ஒரு நாள் நட்டோடு சேர்ந்து கீழே வருவான். காற்றில்லாத காலையில் இரண்டு பேராகத் தூக்கி நிறுத்தி, மண்ணில் எர்த் கம்பி அடித்தேன். மழைத்தண்ணீர் வயர் வழியாக டீவிக்குள் இறங்காதபடி வெளிச்சுவரில் வயரைக் கீழ்நோக்கி ஒரு வளைவு விட்டேன்.

ஆனால் இதையெல்லாம் தொடங்குவதற்கு முன் செய்த வேலை வேறு. முற்றத்தில் வெயில் விழும் இடத்தில் இரண்டு மரத்தூண் நட்டு நைலோன் கயிறு கட்டினேன். துணிக்கு இடம் இல்லாவிட்டால் எத்தனை முறை சத்தம் போட்டாலும் அது கம்பியைத் தேடித்தான் போகும். கோபப்பட்டபோது எனக்குத் தெரிந்ததைவிட அந்தக் கயிற்றைக் கட்டும்போது எனக்குத் தெரிந்தது அதிகம்.

அன்றிலிருந்து எந்த வீட்டுக்குப் போனாலும் படம் எப்படி என்று முதலில் கேட்பதில்லை. துணி எங்கே காயப்போடுகிறீர்கள், தொட்டால் ஏதாவது கடிக்கிறதா என்றுதான் கேட்கிறேன். சிலர் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும்.

போன மாதம் அந்தப் பக்கம் போனபோது எட்டிப் பார்த்தேன். பத்மா மேசைக்கு முன்னால் நின்று மெழுகுப் பேனாவால் ஒரு நீளக் கோடு இழுத்துக்கொண்டிருந்தாள். துணியின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரைக்கும் கை எங்கும் நிற்கவில்லை. கோடு முடிந்த பிறகுதான் நிமிர்ந்தாள். மாதக் கடைசி வந்து போய்விட்டதே, நிற்கவில்லையா என்று கேட்டேன்.

"நான் நின்னுட்டா ஏணியில ஏறுறதுக்கு முந்தி கம்பி கடிக்கும்னு ஒங்களுக்கு யாருங்க சொல்றது?" என்றாள்.