வால் எரியாத மீன்

அலமாரிக் கதவின் உட்புறத்தில் பென்சிலால் எழுதிய பட்டியல் ஒன்று இருந்தது. போக வேண்டிய இடங்கள், மொத்தம் ஏழு. பனிமலை, பாலைவனம், பெரிய கப்பல் என்று ஆறு இடங்களுக்கு ஆயுசு முழுக்க உழைத்தாலும் டிக்கெட் எடுக்க முடியாது. ஏழாவதுக்கு இரண்டே பஸ் நிறுத்தம்: விளக்குத் தெரு, இருட்டிய பிறகு, அவளோடு. எழுதியவன் அவள் கணவன். ஆசைப்பட என்ன வரியா கட்டப் போகிறோம் என்பான்.

அந்தத் தெருவில்தான் இருவருக்கும் பிழைப்பு. மதுக்கடைகளும் ஆட்டக்கூடங்களும் வரிசைகட்டி நிற்கும் அங்கே விளக்குப் பலகைகளைப் பழுதுபார்க்க அவன் மாலையில் போவான். குப்பையைக் கூட்டிக் கழுவிவிட அவள் விடிந்ததும் போவாள். வீட்டில் சின்னப் பெண் இருந்ததால் ஒருவர் வந்தால்தான் மற்றவர் கிளம்ப முடியும். பதினோரு வருஷம் கூட்டியவள் அங்கே ஒரு விளக்கு எரிந்து பார்த்ததில்லை. "அந்தச் சிவப்பு மீனோட வாலு இருக்கே, என் உயிரை வாங்குது" என்று அவன் சலித்துக்கொள்வதை மட்டும் கேட்டிருக்கிறாள். எத்தனை முறை சரிசெய்தாலும் அது அணைந்துவிடுமாம்.

மூன்று மாதத்துக்கு முன்னால் காலையில் வந்து படுத்தவன் எழுந்திருக்கவில்லை. அவள் அழவில்லை. நான்காம் நாளே துடைப்பத்தைத் தூக்கிக்கொண்டு வேலைக்குப் போனாள். "கல்லு மாதிரி இருக்கா" என்று நாத்தனார் பார்த்தவர்களிடமெல்லாம் சொன்னாள். அவளுக்குக் கோபம்கூட வரவில்லை. அவன்மேல் தனக்குப் பாசமே இருந்ததில்லையோ என்ற பயம் மட்டும் உள்ளே உட்கார்ந்திருந்தது.

லீவுக்கு வந்த அதே நாத்தனார்தான் துண்டு எடுக்க அலமாரியைத் திறந்தாள்.

"அண்ணி, இது அண்ணன் கையெழுத்துதானே?"

"ஆமா."

"ரெண்டு ஸ்டாப்புதானே! கிளம்புங்க. இன்னைக்கே போறோம்."

பெண்ணைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு ஏழு மணிக்குப் போய் இறங்கினார்கள். நாத்தனார் வாயைப் பிளந்துகொண்டு நின்றாள். பச்சை, ஊதா, காதைக் கிழிக்கும் பாட்டு, தோளை இடிக்கும் கூட்டம். அவளுக்கோ நாளைக்கு எத்தனை மூட்டை குப்பை தேறும் என்றுதான் தோன்றியது. வேறொன்றும் தோன்றவில்லை.

"அண்ணன் சொல்லுவாரே, அந்த மீன் எங்க அண்ணி?"

"தெரியலை."

"பதினோரு வருஷமா வர்றீங்க, தெரியலைங்கறீங்க!"

"தரை தெரிய மாட்டேங்குதே."

குனிந்தே பழகியவளுக்கு அந்தத் தெரு என்றால் அதன் தரைதான். கூட்டத்தின் கால்களுக்கு நடுவே பார்த்துக்கொண்டே நடந்தாள். கடைசியில் விரிசல் விட்ட சாக்கடை மூடி ஒன்று தென்பட்டது. பாட்டில் மூடிகள் வந்து சேருமிடம் அதுதான். மீன் பலகை மாட்டிய மதுக்கடையின் வாசல் என்று அவன் சொன்ன அடையாளமும் அதுதான். நிமிர்ந்தாள்.

சிவப்பாக ஒரு மீன், கண் எரிந்தது, செதில் எரிந்தது. வால் இருட்டாக இருந்தது.

அவள் நேரே கடைக்குள் போய்க் கல்லாவில் இருந்தவரிடம் சொன்னாள்.

"மீன் வாலு எரியலைங்க."

"தெரியும்மா. ரிப்பேர் பண்ற ஆளு மூணு மாசமா வர்றதில்ல. போன் பண்ணினா எடுக்கிறதில்ல. எங்கதான் போய்த் தொலைஞ்சாரோ."

"வேற ஆளைப் பாத்துக்கோங்க" என்றாள். "அவரு வரமாட்டாரு."

இத்தனை நாள் அதை மற்றவர்கள்தான் அவளிடம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அவள் வாயிலிருந்து வந்தது அப்போதுதான்.

"அவரு இனிமே..." என்று மறுபடி தொடங்கியவளால் முடிக்க முடியவில்லை. வெளியே வந்து, காலையில் தானே கழுவப்போகிற படியில் உட்கார்ந்து, அத்தனை பேர் பார்க்க ஓவென்று அழுதாள்.